கண்டங்கள் நகர்ந்த கதை: ஓர் அறிவின் அரசியல்

ஆழிப்பேரலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் கூட்டங்களில் இரண்டு குரல்கள் தவறாமல் எழும். ஒருவர் எழுந்து, ‘இது நமக்கொண்ணும் புதுசில்லை, குமரிக்கண்டத்தையே கடல் கொண்டுபோயிருக்கு’ என்பார். இன்னொருவர், இவர் கொஞ்சம் கோட்பாடு படித்தவர், ‘புவித்தட்டு, கண்டப் பெயர்ச்சி என்பதெல்லாம் மேற்கின் இன்னொரு பெருங்கதையாடல், அறிவியலே அதிகாரத்தின் சொல்லாடல்தானே’ என்பார். நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படிக்கிற காலத்தில் களவியல் உரையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் குரலில் பேசினேன். பிறகு ஃபூக்கோவையும் தாமஸ் கூனையும் அரைகுறையாகப் படித்துவிட்டு இரண்டாவது குரலுக்கு மாறினேன். இரண்டிலும் ஒரு சௌகரியம் உண்டு. என்னவென்றால், கடற்கரையில் செத்துக்கிடந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி 6.30க்குச் சற்று முன்பு, சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை உடைந்தது. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8000 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் என்ன ஆனது? இக்கேள்விக்கு விடை தேடினால், கண்டங்கள் நகர்கின்றன என்னும் அறிவு உருவான வரலாற்றுக்குள் போயாக வேண்டியிருக்கிறது. அந்த அறிவு யார் காசில், யாருடைய தேவைக்காக, யாரையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு உருவானது என்பதைப் பார்ப்போம். அது அதிகாரத்தின் மடியில் பிறந்தது என்று காட்டுவது சுலபம். அப்படிக் காட்டிய பிறகும் அது உண்மையாகவே இருக்கிறது என்பதுதான் நமக்குச் சிக்கல்.

1. நிலக்கரியும் தேவாங்கும்

1851இல் ஆங்கிலேயர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைத் தொடங்கினார்கள். தாமஸ் ஓல்டாம் அதன் தலைவர். பாறைகளின் மேல் கொண்ட காதலால் தொடங்கப்பட்ட துறையல்ல அது. நீராவிக் கப்பலுக்கும் வரப்போகும் ரயிலுக்கும் நிலக்கரி வேண்டியிருந்தது. நிலக்கரியைத் தேடிப் போனவர்கள் அதைத் தாங்கிய பாறை அடுக்குகளுக்குப் பெயர் வைக்க வேண்டிவந்தது. 1872இல் மெட்லிகாட் என்ற அதிகாரி மத்திய இந்தியாவின் அடுக்குகளுக்கு ‘கோண்ட்வானா’ என்று பெயரிட்டார். கோண்டு ஆதிவாசிகளின் நாடு என்பது பொருள். அவர்கள் பேசும் கோண்டி, தமிழைப் போலவே திராவிட மொழி.

இந்த அடுக்குகளில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைகள் கல்லாகிக் கிடந்தன. அதே இலை தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்தது. நடுவில் கிடப்பதோ மாபெரும் கடல்கள். வியன்னாவில் இருந்த எடுவர்ட் சூயஸ் 1885இல் இந்தத் தெற்கு நிலங்களை ஒரே கண்டமாகச் சேர்த்துக் ‘கோண்ட்வானா நிலம்’ என்றழைத்தார். இடையில் இருந்த பகுதிகள் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம். இன்று உலகின் எந்த நிலவியல் நூலைத் திறந்தாலும் கோண்டுகளின் பெயர் இருக்கிறது. நூலுக்கு வெளியே, அதே நிலக்கரிக்காகக் காட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களில் கோண்டுகளும் இருக்கிறார்கள். பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது காலனிய அறிவின் வழக்கம்.

இதே காலத்தில்தான் லெமூரியாவும் பிறந்தது. 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கே லெமூர் என்ற விலங்கு ஏராளம். அதன் உறவினங்கள் இந்தியாவிலும் உண்டு. நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இரவில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேவாங்கு அந்த வகையறாதான். அது எப்படிக் கடல் தாண்டியது? நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்த ஸ்கிளேட்டர் அதற்கு லெமூரியா என்று பேர் வைத்தார். ஜெர்மானியரான ஹெக்கல் மனித இனமே அங்குதான் தோன்றியிருக்கலாம் என்றார். அங்கிருந்து அது நம்மிடம் வந்துசேர்ந்தது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல் கொண்ட செய்தியும், அடியார்க்கு நல்லார் கணக்குச் சொன்ன நாற்பத்தொன்பது நாடுகளும், ஒரு விலங்கியலாளரின் ஊகத்தோடு ஒட்டவைக்கப்பட்டன. தேவாங்குக்காகக் கட்டப்பட்ட கண்டத்தில் தமிழன் குடியேறினான்.

நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சமஸ்கிருத மையத்துக்கு எதிராக ஒரு தொன்மை தேவைப்பட்ட காலம் அது. ஐரோப்பிய அறிவியலின் முத்திரை அதற்குக் கைகொடுத்தது. கைகொடுத்த அறிவியல் பிறகு தன் கையை இழுத்துக்கொண்டது என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம்.

2. வெளியாள்

அந்தக் கையை இழுக்கவைத்தவர் நிலவியலாளரே அல்ல. ஆல்ஃபிரட் வெகனர் வானியலில் பட்டம் பெற்று வானிலை ஆய்வுக்குப் போனவர். 1912 ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் நடந்த நிலவியல் கூட்டத்தில் கண்டங்கள் நகர்கின்றன என்று பேசினார். 1915இல், உலகப் போரில் காயம்பட்டுக் கிடந்த காலத்தில், அது புத்தகமாயிற்று. அவர் வாதம் எளிமையானது. கண்டங்களின் பாறை இலேசானது. கடலடிப் பாறை கனமானது. இலேசானது கனமானதன் மேல் மிதக்கிறது. மிதக்கிற கட்டை எப்படி மூழ்கும்? கண்டங்கள் மூழ்க முடியாது என்றால் லெமூரியா மாதிரியான இணைப்பு நிலங்கள் எல்லாம் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரே வழி: நிலங்கள் ஒன்றாக இருந்து பிறகு விலகியிருக்க வேண்டும். கிழிந்த செய்தித்தாளை ஒட்டவைக்கும்போது விளிம்பு பொருந்தினால் போதாது, வரிகளும் பொருந்த வேண்டும். தென்னமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் ஒட்டவைத்தால் பாறைகளின் வரிகளும் பொருந்துகின்றன என்று காட்டினார்.

சும்மா விட்டார்களா? 1926இல் நியூயார்க்கில் எண்ணெய் நிலவியலாளர்கள் கூட்டிய கருத்தரங்கில் பெரும்பாலோர் அவரை எதிர்த்தார்கள். இதை ஏற்றால் கடந்த எழுபது ஆண்டுகளில் கற்றதையெல்லாம் மறக்க வேண்டியிருக்குமே என்ற புலம்பலும் அங்கே எழுந்தது. கூன் பிற்பாடு எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரு துறையின் சட்டகம் ஆட்டம் காணும்போது, சட்டகத்துக்குள் வாழ்கிறவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது தம் எழுபது ஆண்டுகளைத்தான்.

ஆனால் இந்த இடத்தில் அவசரப்பட்டு வெகனரைத் தியாகியாக்கிவிடக் கூடாது. எதிர்த்தவர்களிடம் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. கண்டத்தைத் தள்ளுகிற விசை எது? பூமியின் சுழற்சியும் நிலவின் ஈர்ப்பும் என்றார் வெகனர். ஹரால்டு ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டு, அந்த விசைகள் பல்லாயிரம் மடங்கு போதாது என்று நிறுவினார். அவர் கணக்குச் சரி. வெகனர் சொன்ன வேகமும் மிகையானது. நகர்வு உண்டு என்பது மெய், நகர்த்தியது இதுதான் என்பது பிழை. பூமியின் உள்வெப்பம் பாறைக் கவசத்தை மெல்லச் சுழலவைக்கிறது, கண்டங்கள் அதன்மேல் நகரலாம் என்று ஆர்தர் ஹோம்ஸ் 1920களின் இறுதியிலேயே சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் டு டாய்ட் 1937இல் ஒரு முழு நூலையே வெகனருக்குக் காணிக்கையாக்கி எழுதினார். தெற்கே இருந்தவர்களுக்கு ஆதாரம் காலடியில் கிடந்தது. வடக்கே இருந்தவர்கள் அதை நம்ப மறுத்தார்கள்.

1930 நவம்பரில், ஐம்பதாவது பிறந்த நாளன்று, வெகனர் கிரீன்லாந்தின் நடுப்பகுதி முகாமிலிருந்து கடற்கரைக்குக் கிளம்பினார். கூடப் போனவர் ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞர். வழியில் வெகனர் இறந்துபோனார். வில்லும்சென் அவரைப் பனியில் முறையாகப் புதைத்து, அடையாளத்துக்குச் சறுக்குக் கட்டைகளை நட்டுவைத்துவிட்டு, அவருடைய குறிப்பேட்டோடு நடந்தார். அடுத்த ஆண்டு வெகனரின் உடல் கிடைத்தது. வில்லும்சென் கிடைக்கவே இல்லை. அறிவியல் வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் பெயரும் கிடைப்பதில்லை.

3. குண்டும் கடலடியும்

அடுத்த முப்பது ஆண்டுகளில் நிலைமையை மாற்றியது விவாதமல்ல, போர். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கக் காந்தமானி தேவைப்பட்டது. நீர்மூழ்கி ஒளியக் கடலடியின் மேடுபள்ளம் தெரிய வேண்டியிருந்தது. ஹாரி ஹெஸ் என்ற நிலவியலாளர் இரண்டாம் உலகப் போரில் ஒரு போக்குவரத்துக் கப்பலின் தளபதியாக இருந்தபோதே எதிரொலிக் கருவியை ஓயாமல் ஓடவிட்டுப் பசிபிக்கின் அடியை அளந்துகொண்டே போனார். போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படையின் பணம் கடலாய்வுக்குள் கொட்டியது.

இந்தப் பணத்தின் நிழலில் நியூயார்க் அருகே லமாண்ட் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் மேரி தார்ப். ஆண்கள் கப்பலில் போய் அளவெடுத்து வருவார்கள். பெண்ணுக்குக் கப்பலில் ஏற அனுமதியில்லை. கரையில் மேசை முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த எண்களை வரைபடமாக்குவது அவர் பணி. 1952 வாக்கில் அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு நீளமாக ஓடுவதைக் கண்டார். தரை அங்கே பிளந்து விலகுகிறது என்று அதற்குப் பொருள். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் ‘பொம்பளைப் பேச்சு’ என்று தள்ளினார். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற காது கேளாதவர் கடலடித் தந்தி வடங்களுக்காக நிலநடுக்கம் நிகழ்ந்த இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் எல்லாம் தார்ப் வரைந்த பள்ளத்தாக்கில் விழுந்தன. பிறகுதான் ஹீசன் நம்பினார். கப்பலேறக் கூடாதவளும் காது கேளாதவனும் சேர்ந்து பூமியின் தையலைக் கண்டுபிடித்தார்கள். துல்லியமான ஆழ எண்களை வெளியிடக் கடற்படை தடை போட்டிருந்ததால் எண் இல்லாத ஓவியமாகவே அந்தப் படம் 1957இல் வெளிவந்தது. இராணுவ இரகசியம் ஓர் அழகியலையும் உண்டாக்கியிருக்கிறது!

1962இல் ஹெஸ் எழுதிய கட்டுரை, கடல் நடு மலைத்தொடரில் புதுத் தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது, ஆழ்கடல் அகழிகளில் பழைய தரை உள்ளே போய்விடுகிறது என்றது. ஆதாரம் போதாது என்று தெரிந்ததால் அவரே அதைப் ‘புவிக்கவிதை’ என்றார். கூனின் புத்தகமும் அதே 1962இல் வந்தது என்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. ஆதாரம் அடுத்த ஆண்டே வந்தது. உருகிய பாறை இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையில் உறைந்துவிடும். பூமியின் காந்தப்புலம் பலமுறை தலைகீழாகியிருக்கிறது. கடைசியாக அப்படி ஆனது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே கடலடியில் வரிக்குதிரையின் கோடுகள் போலக் காந்தப் பட்டைகள் இரு பக்கமும் ஒத்து அமைந்திருக்க வேண்டும். அமைந்திருந்தன. பிரிட்டனின் வைன், மாத்யூஸ் இருவரும் 1963இல் இதை வெளியிட்டார்கள். அதே விளக்கத்தைக் கனடாவின் லாரன்ஸ் மோர்லி அதே ஆண்டு முன்னதாகவே எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின. இதெல்லாம் மதுவிருந்தில் பேசத்தக்க சங்கதி என்பது ஒரு மதிப்புரையாளரின் தீர்ப்பு.

மூன்றாவதாக ஒன்று. சோவியத்துக்காரன் நிலத்தடியில் அணுகுண்டு வெடித்தால் தெரிந்துகொள்ள, 1960களில் அமெரிக்கா உலகெங்கும் ஏறத்தாழ 120 இடங்களில் ஒரே மாதிரியான நிலநடுக்கமானிகளை நிறுவியது. இந்தியாவில் ஷில்லாங்கும் நம் கொடைக்கானலும் அதில் அடக்கம். குண்டைக் கேட்க வைத்த காது, பூமியைக் கேட்டது. உலக நிலநடுக்கங்கள் மெல்லிய கோடுகளாக வரிசைகட்டி நிற்பது அப்போது துல்லியமாகத் தெரிந்தது. அந்தக் கோடுகளே தட்டுகளின் எல்லை. ஜப்பானின் வடாட்டி 1930களிலேயே தம் நாட்டுக்கடியில் நிலநடுக்கங்கள் சரிவாக ஆழத்தில் இறங்கிப்போவதைக் காட்டியிருந்தார். அதன் பொருளும் இப்போது விளங்கியது: ஒரு தட்டு மற்றொன்றின் கீழே போகிறது. 1967-68இல் மெக்கன்சி, பார்க்கர், மார்கன், லெ பிஷோன் ஆகியோர் கையில் இது முழுக் கோட்பாடாயிற்று.

4. எப்படி நடுங்குகிறது, ஏன் கக்குகிறது

கோட்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பூமியின் வெளிப்புறம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பெரிதும் சிறிதுமான தட்டுகளாக உடைந்திருக்கிறது. கீழே இருக்கும் கவசம் திடப்பாறைதான், ஆனால் வெப்பத்தால் மிக மெதுவாக இளகி ஓடுகிறது. தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. நம் நகம் வளர்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே அமிழும் குளிர்ந்த தட்டின் எடையே மீதித் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெகனரிடம் கேட்கப்பட்ட விசைக்கான பதிலில் பெரும்பகுதி இது.

தட்டுகள் வழுக்கிக்கொண்டு போவதில்லை. விளிம்பில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. பின்னாலிருந்து தள்ளல் நிற்பதுமில்லை. மூங்கில் கழியை வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படாரென்று முறியும் இல்லையா, அதுதான் நிலநடுக்கம். நூறு, இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வளைவு சில நிமிடங்களில் விடுபடுகிறது.

எரிமலைக்குக் காரணம் வேறு. அமிழும் தட்டு கடல்நீரைத் தன் கனிமங்களில் சுமந்து உள்ளே போகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலுள்ள சூடான பாறையில் கலக்கிறது. உப்புப் போட்ட பனிக்கட்டி சீக்கிரம் உருகுவதுபோல, நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிக் குழம்பாகி மேலே வருகிறது. ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகள் இப்படிப்பட்டவை. அந்தமானில் இருக்கும் பாரன் தீவும் அப்படித்தான். கடல் நடு மலைத்தொடரிலோ தட்டுகள் விலகும்போது அழுத்தம் குறைவதாலேயே பாறை உருகுகிறது. ஹவாய் போலத் தட்டின் நடுவே கீழிருந்து வெப்பம் குத்திக்கொண்டு வருவதும் உண்டு. இமயமலையில் இன்று எரிமலை இல்லை. அங்கே மோதுவது இரண்டும் கண்டங்கள். இரண்டும் இலேசு. எதுவும் ஆழத்தில் அமிழ மறுப்பதால் நிலம் மடிந்து உயர்கிறது. வெகனரின் மிதக்கும் கட்டை மறுபடியும்.

5. இரண்டு மணி நேரம்

1993 செப்டம்பர் 30 விடியற்காலை மராட்டியத்தின் கில்லாரி நடுங்கியது. அளவு 6.2. தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம், அசையாத கேடயம் என்று நம்பப்பட்ட தக்காணத்தின் நடுப்பகுதி. விளிம்பில் இமயம் வாங்கும் அழுத்தம் நடுவிலும் சேர்கிறது. அங்கே பத்தாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தட்டு மட்டுமல்ல. மண் குழைத்துக் கட்டிய கல் சுவரும், அதன் தலையில் ஏற்றிய கனத்த மண்கூரையும் கொன்றன. அதே அளவு நடுக்கத்தில், ஒழுங்காகக் கட்டிய வீடுகளுள்ள நாடுகளில் சிலரே சாகிறார்கள். மறுவாழ்வு எப்படி நடந்தது? வீட்டின் அளவு, குடும்பத்துக்கு இருந்த நிலத்தின் அளவை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. நிலமற்றவனுக்கு 250 சதுர அடி, நிலக்காரனுக்கு 750. பூமி தரைமட்டமாக்கிய ஏற்றத்தாழ்வை அரசு சிமெண்டில் திருப்பிக் கட்டிக்கொடுத்தது.

2004க்கு வருவோம். இந்தியத் தட்டு சுந்தா அகழியில் அமிழும் இடத்தில் 1200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு விளிம்பு முறிந்தது. அளவு 9.1. கடலடி சில மீட்டர் எழும்பியது, அதன் மேலிருந்த நீர் முழுவதும் எழும்பியது. கால் மணி நேரத்தில் ஹவாயில் இருந்த மையத்துக்குப் பெரிய நடுக்கம் என்று தெரிந்துவிட்டது. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. கடலில் அளவுமானி இல்லை, சொல்வதற்குத் தொலைபேசி எண் இல்லை, கரையில் சங்கு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே குண்டைக் கேட்கக் கொடைக்கானல் மலைமேல் காது வைத்த உலகம், நாகப்பட்டினத்து மீனவனுக்குச் சொல்ல ஒரு வாயை வைக்கவில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல், ஆயிரக்கணக்கில் செத்த பிறகு. நிவாரணம் வந்தபோதும் தலித்துகளும் இருளர்களும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டதை உண்மையறியும் குழுக்கள் பதிவுசெய்தன.

இப்போது அந்த இரண்டு குரல்களுக்குத் திரும்பலாம். லெமூரியா பேசும் நண்பருக்கு: இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுகள்தான். அந்தப் பிரிவைப் பார்க்கத் தமிழனும் இல்லை, வேறு எவனும் இல்லை. அதற்காகக் கடல்கோள் நினைவு முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் இருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 2002இல் ‘குமரி நில நீட்சி’ நூலில் இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். மூழ்கியது கரை, கண்டமல்ல. கரை மூழ்கிய நினைவு ஒரு மக்களுக்குப் போதாதா? ஐரோப்பியன் வேண்டாமென்று எறிந்த ஊகத்தை நாம் ஏன் கிரீடமாகச் சுமக்க வேண்டும்?

கோட்பாடு பேசும் நண்பருக்குச் சொல்வது எனக்கே சொல்லிக்கொள்வதுதான். புவித்தட்டு அறிவின் பிறப்பில் நிலக்கரி இருக்கிறது, நீர்மூழ்கி இருக்கிறது, அணுகுண்டு இருக்கிறது. கோண்டுகளின் பெயரும், கரையில் நிறுத்தப்பட்ட தார்ப்பும், பனியில் தொலைந்த வில்லும்செனும் இருக்கிறார்கள். இதையெல்லாம் வாசித்துக் காட்டுவது விமர்சகனின் கடமை. ஆனால் பிறப்பைக் காட்டி உண்மையை ரத்து செய்ய முடியாது. வெகனரை ஒதுக்கிய அதிகாரத்தால் கண்டங்களை நிறுத்திவைக்க முடியவில்லை. கடைசியில் அதே அதிகாரத்தின் கருவிகளே அவர் சொன்னதை அளந்து காட்டின. இந்த வரலாற்றில் அதிகாரத்தின் பெரிய வேலை, எது உண்மை என்று தீர்மானிப்பதில் இல்லை. எந்த உண்மை யார் வீட்டு வாசல் வரை போகும் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது.

ஆகவே நம் கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஐதராபாத்தில் பிறக்கும் எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் எந்தக் குப்பத்துக்குப் போய்ச் சேர்கிறது? சங்கு வேலை செய்கிறதா, அதை யார் சோதிக்கிறார்கள்? பாதுகாப்பு என்ற பேரில் மீனவனைக் கரையைவிட்டு அகற்றிய இடத்தில் யாருடைய கட்டடம் எழுகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு, தட்டு நகர்கிறது என்பதை முதலில் நாம் நம்பியாக வேண்டும்.